மொழி மறந்தது, ஊர் மறக்கவில்லை!

அமெரிக்காவின் நடுப்பகுதியில் அயோவா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே டெக்கோரா என்று ஒரு சிறிய ஊர். ஜனத்தொகை சுமார் 7,500.

ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் இந்த ஊர் விழாக்கோலம் பூணுகிறது. மூன்று நாள் திருவிழா. கடைத்தெருவில் அமெரிக்கக் கொடியுடன் நார்வே நாட்டுக் கொடியும் பறக்கிறது.

பெண்கள் பூவேலை செய்த கம்பளி உடை உடுத்தி, மார்பில் வெள்ளிப் பதக்கம் அணிந்து வருகிறார்கள். சிறுவர்களும் சிறுமிகளும் கை கோத்து நடனம் ஆடுகிறார்கள். ஒரு பக்கம் "லெப்சா" சுடுகிறார்கள். லெப்சா என்பது உருளைக்கிழங்கைப் பிசைந்து மாவுடன் சேர்த்துத் தேய்த்துச் சுடும் ரொட்டி. பார்ப்பதற்குச் சப்பாத்தி போலவே இருக்கும்.

எங்கு பார்த்தாலும் நார்வே மயம்!

ஆனால் அந்தக் கூட்டத்தில் போய் நார்வே மொழியில் நாலு வார்த்தை பேசினால், பெரும்பாலானவர்கள் திருதிரு என்று விழிப்பார்கள். அவர்கள் பேசுவது ஆங்கிலம். அவர்களுடைய அப்பா, அம்மா பேசியதும் ஆங்கிலம்தான்.

உடை இருக்கிறது. உணவு இருக்கிறது. நடனம் இருக்கிறது. மொழி மட்டும் இல்லை.

அந்த மொழி எங்கே போயிற்று? மொழி போன பிறகும் அவர்கள் எப்படி ஒரு கூட்டமாக நிற்கிறார்கள்?

இது வெறும் பழங்கதை அல்ல. இன்றைய அமெரிக்க அரசியலில் சூடு பறக்கும் விவகாரம்.

"வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் ஏன் தனிக் கூட்டமாக வாழ்கிறார்கள்? ஏன் தங்கள் மொழியையே பேசுகிறார்கள்? ஏன் சீக்கிரம் அமெரிக்கர்களாக மாறவில்லை?" என்று இன்று பலர் கேட்கிறார்கள்.

2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஜனாதிபதி டிரம்ப் சட்டசபைத் தலைவர்களுடன் பேசினார். "நார்வே போன்ற நாடுகளில் இருந்து ஏன் ஆட்கள் அதிகமாக வரக்கூடாது?" என்ற பொருளில் அவர் கேட்டதாகச் செய்தி வெளிவந்தது. உலகம் முழுவதும் அது பேச்சாக ஆயிற்று.

வந்தால் நார்வேக்காரர்களைப் போல வரவேண்டும் என்கிறார்கள். சரி. அந்த நார்வேக்காரர்கள் எப்படி வந்தார்கள்? எப்படி வாழ்ந்தார்கள்? அமெரிக்கா அவர்களை எப்படி நடத்தியது?

சட்டத்தை மீறிய கப்பல்

1825-ம் ஆண்டு ஜூலை மாதம். நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் துறைமுகத்தில் இருந்து ஒரு சிறிய பாய்மரக் கப்பல் புறப்பட்டது. அதன் பெயர் "ரெஸ்டோரேஷன்". எடை தாங்கும் அளவு 39 டன்தான். அதில் 52 பேர் ஏறி இருந்தார்கள்.

அவர்களில் பலர் "குவேக்கர்" என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அரசாங்க மதச் சபைக்கு அடங்காதவர்கள் என்று நார்வேயில் அவர்களுக்குத் தொல்லை இருந்தது. கிளெங் பியர்சன் என்பவர் முன்னதாகவே அமெரிக்கா சென்று இடம் பார்த்து வந்திருந்தார். லார்ஸ் லார்சன் என்பவர் கூட்டத்துக்குத் தலைவர்.

மூன்று மாதம் கடலில் தத்தளித்தார்கள். நடுக்கடலில் லார்சனின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்டோபர் மாதம் 9-ந் தேதி நியூயார்க்கில் இறங்கியபோது, கப்பலில் 53 பேர்!

இறங்கியதும் சங்கடம் காத்திருந்தது.

ஒரு கப்பலில் 5 டன்னுக்கு இரண்டு பயணிகள்தான் ஏறலாம் என்பது அப்போதைய அமெரிக்கச் சட்டம். அந்தக் கணக்குப்படி இந்தக் கப்பலில் சுமார் 16 பேர்தான் வரலாம். வந்ததோ மூன்று மடங்கு! அதிகாரிகள் கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். பெரிய அபராதமும் விதித்தார்கள்.

வந்தவர்கள் சட்டம் தெரியாமல் செய்து விட்டதாகக் கருணை மனு கொடுத்தார்கள். ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் நவம்பர் மாதம் அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்.

கூட்டமாக அமெரிக்காவில் குடியேற வந்த முதல் நார்வேக்காரர்கள் இவர்கள்தான். சட்டத்தை மீறி வந்தார்கள். மன்னிப்புப் பெற்று உள்ளே நுழைந்தார்கள்.

200 ஆண்டுகள் கழித்து, 2025-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, அதே போலக் கட்டிய ஒரு கப்பல் அதே ஸ்டாவாங்கரில் இருந்து புறப்பட்டது. அக்டோபரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. இந்தத் தடவை அபராதம் இல்லை; வரவேற்புதான்!

ஏன் புறப்பட்டார்கள்?

நார்வே மலை நாடு. அதன் நிலத்தில் நூற்றுக்கு 3 பங்குதான் பயிர் செய்ய ஏற்றது. மீதி எல்லாம் மலை, பாறை, காடு, பனி.

1801-ல் நார்வேயின் ஜனத்தொகை சுமார் 9 லட்சம். 1865-ல் அது 17 லட்சம் ஆயிற்று. ஆட்கள் இரட்டிப்பு ஆனார்கள். நிலம் இரட்டிப்பு ஆகவில்லை.

பண்ணை மூத்த மகனுக்குப் போகும். இளையவன் என்ன செய்வான்? பிறர் நிலத்தில் குடிசை போட்டு, கூலியாக உழைப்பான். அவன் பிள்ளைக்கும் அதே கதிதான்.

இந்த நேரத்தில் அமெரிக்கா கதவைத் திறந்தது. 1862-ம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஒருவன் 160 ஏக்கர் நிலத்தில் குடியிருந்து, 5 ஆண்டுகள் பாடுபட்டால், சிறு கட்டணத்துடன் அந்த நிலம் அவனுக்கே சொந்தம். அவன் அமெரிக்கப் பிரஜை ஆகி இருக்க வேண்டும் என்பது கூட இல்லை. பிரஜை ஆக விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

சொந்த ஊரில் ஒரு காணி நிலத்துக்கு ஏங்கியவனுக்கு, 160 ஏக்கர்! கேட்க வேண்டுமா?

1825-க்குப் பின் நூறு ஆண்டுகளில் 8 லட்சம் நார்வேக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

கடிதம் இழுத்து வந்த கூட்டம்

இத்தனை பேரும் சிதறிப் போயிருக்கலாம். போகவில்லை. காரணம், கடிதம்.

முதலில் போனவன் ஊருக்குக் கடிதம் எழுதினான். "இங்கே மண் கறுப்பு. கல் இல்லை. வேலை உண்டு, வயிறாரச் சோறு உண்டு" என்று எழுதினான். கஷ்டங்களையும் எழுதினான். அந்தக் கடிதம் வீடு வீடாகப் போயிற்று. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படித்தார். பலர் அதைப் பார்த்துக் கையால் எழுதி வைத்துக் கொண்டார்கள்.

பிறகு அண்ணன் டிக்கெட் அனுப்பினான், தம்பி வந்தான். தம்பி பணம் அனுப்பினான், தங்கை வந்தாள். தங்கை எழுதினாள்; பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வந்தவர்கள் எல்லோரும் தெரிந்தவன் இருக்கும் இடத்துக்கே வந்தார்கள்.

நியூயார்க் மாகாணத்தில் கென்டல், பிறகு இல்லினாய்ஸ் மாகாணத்தில் பாக்ஸ் நதிக்கரை, பிறகு விஸ்கான்சின் மாகாணத்தில் மஸ்கிகோ, கோஷ்கோனாங், அதன் பிறகு அயோவா, மின்னசோட்டா, டகோட்டா. இப்படி மேற்கே மேற்கே நகர்ந்து கொண்டே போனார்கள். ஓர் ஊர் நிரம்பியதும் அடுத்த ஊர்.

நார்வேயில் ஒரே பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள் அமெரிக்காவிலும் அடுத்தடுத்த பண்ணைகளில் வாழ்ந்தார்கள். ஒரு பகுதியில் வாஸ் பகுதிப் பேச்சு கேட்கும். பத்து மைல் தள்ளினால் நூமெடால் பகுதிப் பேச்சு கேட்கும்.

பெரிய நகரத்துக்குப் போனவன் நாலு சாதி ஜனங்களோடு கலந்தான். கிராமத்துக்கு வந்தவனுக்கு அண்டை வீட்டுக்காரனும் நார்வேக்காரன், கடைக்காரனும் நார்வேக்காரன், பெண் கொடுத்தவனும் நார்வேக்காரன். அதனால்தான் நகரத்தில் சீக்கிரம் கரைந்தது, சிற்றூரில் நெடுங்காலம் கரையவில்லை.

யாருடைய நிலம்?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிலம் காலியாகக் கிடந்த நிலம் அல்ல.

டெக்கோரா இருக்கும் வட்டாரத்தில் ஹோ-சங்க் என்ற செவ்விந்திய மக்கள் வாழ்ந்தார்கள். அமெரிக்க சர்க்கார் அவர்களை 1848-ல் அங்கிருந்து வெளியேற்றி வடக்கே அனுப்பியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1850-ல், முதல் நார்வேக்காரர்கள் அங்கே வண்டி ஓட்டிக் கொண்டு வந்தார்கள்.

"டெக்கோரா" என்பது நார்வேச் சொல் அல்ல. ஹோ-சங்க் மக்களின் தலைவர் வாக்கன் டெக்கோராவின் பெயர் அது.

நிலம் இல்லாமல் வந்தவனுக்கு நிலம் கிடைத்தது. நிலம் இருந்தவனுக்கு அது போயிற்று. பெயர் மட்டும் மிஞ்சியது.

ஒரு அறையில் இரண்டு குடும்பம்

1853-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கடும் குளிர். டெக்கோராவுக்குப் பக்கத்தில் ஒரு மரக் குடிசை. நீளம் 16 அடி. அகலம் 14 அடி. அதில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள்.

அந்த ஒற்றை அறையில் இன்னொரு தம்பதியும் வந்து தங்கினார்கள். வந்தவர் உல்ரிக் கோரன் என்ற இளம் பாதிரியார். அவர் மனைவி எலிசபெத்துக்கு வயது 21. நார்வேயில் வசதியாக வளர்ந்த பெண். நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அந்தப் பக்கம் ஒரு குடும்பம்.

எலிசபெத் நாட்குறிப்பு எழுதி வைத்தார். அந்த நாட்களைப் பற்றி இன்றும் ஜனங்கள் அறிவது அந்த நாட்குறிப்பால்தான். அந்தக் குடிசையும் இன்று டெக்கோரா பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

பாதிரியார் கோரன் 1910-ல் இறக்கும் வரை 57 ஆண்டுகள் அந்தச் சபையை விட்டுப் போகவில்லை.

இவர்கள் லுத்தரன் சபையார். தரங்கம்பாடிக்கு 1706-ல் சீகன்பால்க் பாதிரியாரை அனுப்பினாரே டென்மார்க் மன்னர், அவருடைய ஆட்சியில்தான் அப்போது நார்வேயும் இருந்தது. அதே லுத்தரன் மார்க்கம்தான் இது.

புது நாட்டில் சர்ச் என்பது வெறும் ஆராதனைக் கூடம் அல்ல. கல்யாணம் அங்கே. பெயர் சூட்டு அங்கே. அடக்கம் அங்கே. பிள்ளைகளுக்கு நார்வே எழுத்துக் கற்றுக் கொடுத்தது அங்கே. கடிதம் வந்ததா, மாடு விலை என்ன, யார் வீட்டில் நோய் என்று கேட்டதும் ஆராதனை முடிந்து சர்ச் வாசலில்தான்.

பாதிரியார்களைப் பயிற்றுவிக்க ஒரு கல்லூரி தேவைப்பட்டது. 1861-ல் லுத்தர் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டு அது டெக்கோராவுக்கு வந்தது. 1874-ல் மின்னசோட்டாவில் நார்த்பீல்டு என்ற சிற்றூரில் செயின்ட் ஓலப் பள்ளி ஆரம்பமாயிற்று. அதுவும் பின்னர் கல்லூரி ஆயிற்று. குடியானவர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் வளர்ந்தவை இவை.

கூடினார்கள், சண்டையும் போட்டார்கள்!

ஒரே இனம், ஒரே மதம் என்றால் சண்டை இருக்காது என்று நினைக்கலாம். அது தவறு.

1880-களில் ஒரு மதப் பிரச்சினை கிளம்பியது. மனிதன் மோட்சம் அடைவது முழுக்கவும் கடவுள் முன்கூட்டியே தீர்மானித்ததா, மனிதனுடைய விசுவாசத்துக்கும் அதில் பங்கு உண்டா என்பது கேள்வி. அதற்காகச் சபைகள் உடைந்தன. ஒரு சர்ச் இருந்த ஊரில் இரண்டு சர்ச் ஆயிற்று. அண்ணன் ஒரு சர்ச். தம்பி ஒரு சர்ச்.

1917-ல்தான் பெரும்பாலான சபைகள் ஒன்று சேர்ந்தன.

சண்டை போட்டாலும் உதவி செய்ய மறக்கவில்லை. 1895-ல் மின்னியாபொலிஸ் நகரில் 18 பேர் கூடி "நார்வேயின் புதல்வர்கள்" என்ற சங்கம் தொடங்கினார்கள். மாதம் கொஞ்சம் பணம் கட்டுவது. ஒருவன் நோயில் விழுந்தால், இறந்தால், அந்தப் பணம் அவன் குடும்பத்துக்குக் கைகொடுக்கும். பார்க்கப் போனால் அது ஒரு இன்சூரன்ஸ் சங்கம். பிற்பாடு ஊர் ஊராகக் கிளைகள் தோன்றின.

1899-ல் வால்ட்ரஸ் பள்ளத்தாக்கில் இருந்து வந்தவர்கள் தனியாக ஒரு சங்கம் கூட்டினார்கள். அதைப் பார்த்து மற்றப் பள்ளத்தாக்குக்காரர்களும் ஆளுக்கொரு சங்கம் வைத்தார்கள்.

சர்ச், பள்ளி, உதவிச் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஊரைத் தாங்கின. ரத்தம் மட்டும் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு

நாலாவதாக ஒரு தூணும் உண்டு. அது பத்திரிகை.

1874-ல் டெக்கோராவில் "டெக்கோரா போஸ்டன்" என்ற பத்திரிகை பிறந்தது. பிரைனில்டு அனுன்சன் என்ற அச்சுத் தொழிலாளி அதைத் தொடங்கினார். முழுக்க முழுக்க நார்வே மொழி. அரசியல் கட்சிச் சண்டையில் அது இறங்கவில்லை. சர்ச் சண்டையிலும் இறங்கவில்லை. குடும்பத்தில் எல்லோரும் படிக்கலாம் என்று பெயர் வாங்கியது.

1884-ல் அதில் ஒரு தொடர்கதை வந்தது. குடிசைக்காரக் கூலியின் மகன் ஒருவன், பண்ணைக்காரர் மகளைக் காதலிக்கிறான். அவமானப்பட்டு அமெரிக்கா போகிறான். உழைத்துப் பணத்துடன் திரும்பி, அவளைக் கைப்பிடிக்கிறான்.

படித்தவர்கள் எல்லாம் அது தங்கள் கதை என்றே நினைத்தார்கள். பத்திரிகை விற்பனை ஏறியது. 1920-களில் அது 40,000-க்கு மேல் விற்றது. 7,500 பேர் கூட இல்லாத ஊரில் இருந்து!

1918-ல் அதில் ஒரு படக்கதை ஆரம்பமாயிற்று. ஓலா, பெர் என்று இரண்டு விவசாயிகள். பெர் புதுப்புது யந்திரங்கள் வாங்குவான். யந்திரம் அவனையே தூக்கி அடிக்கும். பீட்டர் ரோசன்டால் என்ற மின்னசோட்டா விவசாயி அதை வரைந்தார். ஏர் உழுத கைதான் பேனாவையும் பிடித்தது.

அந்தப் படக்கதையில் வரும் பேச்சைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். நார்வே மொழிக்கு நடுவே ஆங்கிலச் சொற்கள் நிறைய வரும். வேலிக்கு நார்வேச் சொல் இருந்தும் "பென்ஸ்" என்றே சொன்னார்கள். ஓடைக்கு "கிரிக்" என்றார்கள். புது நாட்டில் பார்த்த பொருளுக்குப் புது நாட்டுச் சொல்லே வாயில் வந்தது. மொழி மெல்ல மெல்ல மாறிக் கொண்டிருந்தது.

டெலிபோனில் கூடப் பேசாதே!

மெல்ல மாறிய மொழிக்கு 1918-ல் திடீர் என்று ஓர் அடி விழுந்தது.

முதல் உலக யுத்தம். அமெரிக்கா ஜெர்மனியுடன் போரிட்டுக் கொண்டிருந்தது. ஜெர்மன் பேசுகிறவர்கள் மீது சந்தேகம். அந்தச் சந்தேகம் எல்லா அந்நிய மொழிகள் மீதும் பாய்ந்தது.

1918-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி, அயோவா மாகாண கவர்னர் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார்.

பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே கற்பிக்க வேண்டும். பொது இடங்களிலும், ரெயிலிலும், டெலிபோனிலும் ஆங்கிலம்தான் பேச வேண்டும். மேடைப் பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். சர்ச் பிரசங்கத்துக்கும் அதுதான் சட்டம். ஆங்கிலம் தெரியாதவர்கள் தங்கள் வீட்டில் ஜெபம் செய்து கொள்ளலாம்.

நார்வே ஜெர்மனியுடன் சேரவே இல்லை. இருந்தும் உத்தரவு அவர்களையும் தாக்கியது.

இவர்கள் விசுவாசம் இல்லாதவர்களா? 1861-ல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில், பெரும்பாலும் நார்வேக்காரர்களையே கொண்ட ஒரு படை அடிமை முறையை ஆதரித்த தெற்கு மாகாணங்களுக்கு எதிராகப் போரிட்டது. அது விஸ்கான்சின் 15-வது படை. அதன் தலைவர் கர்னல் ஹெக் 1863-ல் போர்க்களத்தில் மாண்டார்.

ரத்தம் சிந்திய கூட்டத்தைப் பார்த்துத்தான், "உன் மொழி ஆபத்து" என்றார்கள்.

அயோவா உத்தரவு அந்த ஆண்டு டிசம்பர் மாதமே ரத்து செய்யப்பட்டது. ஆனால் மனத்தில் விழுந்த பயம் ரத்து ஆகவில்லை. "நம் பிள்ளையாவது ஆங்கிலம் பேசட்டும், யாரும் கை நீட்டிப் பேச வேண்டாம்" என்று பெற்றோர்கள் நினைத்தார்கள்.

உத்தரவு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. வேலைக்கும் வியாபாரத்துக்கும் ஆங்கிலம் வேண்டும். பிள்ளைகள் ஏற்கனவே மாறிக் கொண்டுதான் இருந்தார்கள். நடந்து போன மாற்றத்தை உத்தரவு ஓட வைத்தது. 1920-களின் முடிவில் சர்ச் ஆராதனைகளில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் நடந்தன.

ஏழு ஆண்டில் மாறிய காற்று

1925-ம் ஆண்டு. முதல் கப்பல் வந்து நூறு ஆண்டு. மின்னசோட்டாவில் பெரிய விழா. ஜூன் மாதம் 8-ந் தேதி ஜனாதிபதி கூலிட்ஜ் நேரில் வந்து நார்வேக்காரர்களைப் புகழ்ந்து பேசினார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் சந்தேகம். இப்போது பாராட்டு!

அதே கூலிட்ஜ்தான் முந்திய ஆண்டு, 1924-ல், குடியேற்றத்தைக் கடுமையாகக் குறைக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். இத்தாலி, போலந்து போன்ற நாடுகளில் இருந்து வருகிறவர்களுக்குக் கதவு ஏறத்தாழ மூடப்பட்டது. ஆசியாக்காரர்களுக்கு அநேகமாக முழுவதுமே மூடப்பட்டது.

நேற்று வந்தவன் நல்லவன் ஆனான். இன்று வருகிறவன் சந்தேகத்துக்கு உரியவன் ஆனான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1942-ல் இரண்டாம் உலக யுத்தத்தின்போது, நார்வே ஜெர்மனியின் பிடியில் இருந்தது. நார்வே மொழி தெரிந்த சிப்பாய்கள் அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்டார்கள். 99-வது காலாட்படை என்று தனிப்படையே அமைத்தார்கள். 24 ஆண்டுகளுக்கு முன் எந்த மொழியை டெலிபோனில் பேசாதே என்றார்களோ, அந்த மொழி தெரிந்தவனைத் தேடிப் பிடித்தார்கள்!

மொழி போனது, விழா வந்தது

அதன் பிறகு நடந்தவற்றைத் தேதி வாரியாகப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும்.

1946-ல் நார்வே லுத்தரன் சபை தன் பெயரில் இருந்து "நார்வே" என்ற சொல்லை எடுத்து விட்டது. 1953-ல் விஸ்கான்சினில் ஸ்டோட்டன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நார்வே நடனக் குழு தோன்றியது. 1967-ல் டெக்கோராவில் ஜூலைத் திருவிழா ஆரம்பமாயிற்று. 1972-ல் டெக்கோரா போஸ்டன் பத்திரிகை நின்றது. படிக்க ஆள் இல்லை.

மொழி தேயத் தேய, விழா வளர்ந்திருக்கிறது. தினமும் வீட்டில் பேசியவரை, தான் நார்வேக்காரன் என்று யாரும் மேடை ஏறிக் காட்டத் தேவை இல்லை. பேச்சு நின்ற பிறகுதான் காட்டத் தேவை வந்தது.

ஸ்டோட்டனில் பெர் லிஸ்னே என்று ஓர் ஓவியர் இருந்தார். நார்வேயில் இருந்து வந்து, வண்டித் தொழிற்சாலையில் வண்டிகளுக்கு வர்ணம் பூசியவர். 1930-களில் வேலைக்குப் பஞ்சம் வந்தது. அவர் மரத் தட்டுகளில் தம் ஊர்ப் பூக்கோலங்களை வரைந்து விற்றார். ஜனங்கள் ஆசையோடு வாங்கினார்கள். வரையவும் கற்றுக் கொண்டார்கள். மறைந்து கொண்டிருந்த ஒரு கலை அப்படி உயிர் பெற்றது.

குளிர் காலத்தில் ஊர் ஊராகச் சர்ச் விருந்து நடக்கிறது. "லூட்டபிஸ்க்" பரிமாறுகிறார்கள். அது ஒரு விதமான கருவாடு. காய்ந்த மீனைக் காரத் தண்ணீரில் பல நாள் ஊற வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவி வேக வைப்பார்கள். வாடை பலருக்குப் பிடிக்காது. இருந்தும் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். ஏழைத் தாத்தாவின் உணவு அது. பேரன் அதைப் பெருமையாகச் சாப்பிடுகிறான்.

இது வெறும் வேஷமா? அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு. மொழி இல்லாத பண்பாடு மேலாடை போன்றது. விழா முடிந்ததும் கழற்றி மாட்டி விடுவார்கள் என்பது அவர்கள் வாதம்.

அதில் உண்மை இருக்கிறது. பாட்டி எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது. பேத்தியால் படிக்க முடியவில்லை. இது சின்ன நஷ்டம் அல்ல.

ஆனால் மறு பக்கமும் இருக்கிறது. அந்த விருந்துக்கு உருளைக்கிழங்கு உரிக்கப் பத்துப் பெண்கள் கூட வேண்டும். மேஜை போட ஆண்கள் வேண்டும். பணம் சர்ச்சுக்கோ, பள்ளிக்கோ போகும். ஒருவரை ஒருவர் கூப்பிட ஒரு காரணம் இருக்கும் வரை, ஊர் ஊராக இருக்கும்.

இன்று யாரைக் கேட்கிறார்கள்?

டெக்கோராவில் இருந்து சிறிது தூரத்தில் போஸ்ட்வில் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓர் இறைச்சித் தொழிற்சாலை. 2008-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி அதிகாரிகள் அதைச் சுற்றி வளைத்தார்கள். உரிய அனுமதி இன்றி வேலை செய்ததாக 389 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலானவர்கள் குவாத்தமாலா நாட்டு ஏழைகள். குடும்பங்கள் பயந்து போய் சர்ச்சில் தஞ்சம் புகுந்தன.

மின்னசோட்டாவில் வில்மர் என்ற ஊர். நார்வே, சுவீடன் நாட்டார் நிலம் திருத்திய வட்டாரம். இன்று அதன் கடைத்தெருவில் சோமாலியா நாட்டார் கடைகள் இருக்கின்றன. மெக்சிகோ முதலிய நாட்டார் கடைகளும் இருக்கின்றன. அவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முன்பு கடிதம் இழுத்தது. இப்போது செல்போன் இழுக்கிறது. அவர்களும் தொழுகைக்குக் கூடுகிறார்கள். தங்களுக்குள் உதவி செய்கிறார்கள். வீட்டில் தாய்மொழி பேசுகிறார்கள்.

"இவர்கள் ஏன் தனிக் கூட்டமாக இருக்கிறார்கள்?" என்ற கேள்வி இப்போது இவர்களைப் பார்த்துக் கேட்கப்படுகிறது.

இரண்டும் ஒன்றே என்று சொல்லி விடுவதும் சரி அல்ல. நார்வேக்காரனுக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. இன்று வருகிறவனுக்கு ஆலைக் கூலிதான். 1790-ல் வந்த அமெரிக்கச் சட்டம், வெள்ளையர்தான் குடியேறிப் பிரஜை ஆகலாம் என்றது. பிரஜை ஆவதில் இருந்த நிறத் தடை 1952-ல்தான் முழுவதும் நீங்கியது. நார்வேக்காரனுக்கு முதல் நாளே அந்தக் கதவு திறந்திருந்தது. நிறமும் மதமும் அவனுக்குத் துணை நின்றன. அப்படி இருந்தும் அவன் ஆங்கிலத்துக்கு மாற மூன்று தலைமுறை ஆயிற்று!

இந்தக் கதை காட்டும் உண்மை இதுதான். கூட்டமாக வாழ்ந்ததால் நார்வேக்காரர்கள் அமெரிக்காவுக்கு அந்நியர்களாக நின்று விடவில்லை. கூட்டமாக வாழ்ந்ததால்தான் பசியில் தப்பினார்கள், பள்ளி கட்டினார்கள், கல்லூரி கட்டினார்கள், காலூன்றி நின்றார்கள். காலூன்றிய பிறகு, தாமாகவே அமெரிக்கர்கள் ஆனார்கள்.

அவசரப்படுத்திய உத்தரவு அவர்களை நல்ல அமெரிக்கர்கள் ஆக்கவில்லை. அவர்கள் ஏற்கனவே நல்லவர்கள்தான். பேத்திக்கும் பாட்டிக்கும் நடுவில் இருந்த பாலத்தை மட்டும் அது சீக்கிரமாக உடைத்தது.

அமெரிக்காவில் இன்று சுமார் 40 லட்சம் பேர் தங்கள் முன்னோர் நார்வேக்காரர் என்று சொல்லிக் கொள்கிறார்கள். பெருமையாகச் சொல்கிறார்கள்.

டெக்கோரா பொருட்காட்சி சாலையில் அந்த மரக் குடிசை இன்றும் நிற்கிறது. 16 அடி நீளம்; 14 அடி அகலம். இரண்டு குடும்பம் தங்கிய ஒரே அறை. அதைப் பார்க்க வருகிறவர்கள், "இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி இருந்தார்கள்?" என்று வியக்கிறார்கள்.

வந்தவனுக்கு இடம் கொடுத்தார்கள். அதனால் இருந்தார்கள்.